அமைச்சரின் காலைச் சிற்றுண்டியும் 111 கிலோமீட்டர் கோப்புகளும்

பெர்லின் போகிறவர்கள் பிராண்டன்பர்க் வாயில் முன் ஒரு படம், இடித்தது போக மிஞ்சிய சுவர் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தி, "அந்த மூன்று இடங்களைப் பார்த்தீர்களா?" என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு. வரலாற்றுப் புத்தகத்தில் நாலு பக்கத்தோடு முடிந்துபோகிற கிழக்கு ஜெர்மனி, அங்கே சமையலறை, கார், கோப்பு, சிறை என்று முழுசாக எழுந்து நிற்கிறது!

முதலாவது, ஸ்ப்ரே ஆற்றங்கரையில் இருக்கும் டிடிஆர் அருங்காட்சியகம் (டிடிஆர் என்பது கிழக்கு ஜெர்மனியின் ஜெர்மன் சுருக்கப் பெயர்). அலமாரியைத் திறக்கலாம், இழுப்பறையைக் குடையலாம், அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் உட்காரலாம். டிராபன்ட் காரிலும் ஏறி உட்கார்ந்தேன். 26 குதிரைத்திறன், பஞ்சும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்த உடம்பு. இதற்கா பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்! பழைய டிராபன்ட் புதியதைவிட அதிக விலைக்குப் போனதாம். உடனே கைக்குக் கிடைக்குமே, அதற்காகத்தான். காபி கதை இன்னும் ருசி. 1977-இல் உலகச் சந்தையில் காபி விலை எகிறியதும், பாதிக்குப் பாதி வேறு பொருள்கள் கலந்த பொடியை அரசு கடைக்கு அனுப்பியது. சுவரையே சகித்துக்கொண்ட ஜனம், அந்தக் காபியைச் சகிக்கவில்லை. புகார்கள் குவிந்தன.

வாடகை மலிவு, குழந்தைகள் காப்பகம், வேலை உத்தரவாதம். இந்த வாழ்க்கையில் சிரிப்பும் இருந்தது, பிறந்தநாள் விருந்தும் இருந்தது. இதை மனதில் வாங்கிக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டும். யு5 ரயிலில் ஏறி மக்டலேனன்ஷ்ட்ராஸெ நிலையத்தில் இறங்கினால், கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் பழைய தலைமையகம். 1957 முதல் 1989 வரை அதன் அமைச்சராக இருந்த எரிக் மீல்கேயின் அறைகள் அப்படியே இருக்கின்றன. அடேயப்பா, என்ன ஒழுங்கு! காலைச் சிற்றுண்டியில் முட்டை எங்கே, ரொட்டி எங்கே, காபி எங்கே என்று, பந்தி இலையில் பரிமாறுகிற முறைமை போல, உதவியாளர் படமே வரைந்து வைத்திருக்கிறார். நாட்டையே நடுங்க வைத்த மனிதருடைய முட்டைக்கு இடம் குறித்த அந்தச் சின்னத் தாளைவிட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

உளவுக் கருவிகளும் அங்கேயே இருக்கின்றன: பூவாளிக்குள் கேமரா, சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் கேமரா. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வாசனை ஜாடி. விசாரணைக்கு வந்தவர் உட்காரும் நாற்காலியில் மஞ்சள் துணி விரித்து, பிறகு அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைப்பார்கள். நாளைக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தால், மோப்ப நாயிடம் இரண்டையும் காட்டிப் பொருத்திப் பார்க்கலாமே!

1989-இல் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். ஏறக்குறைய 1.6 கோடி ஜனத்தொகையில் 180 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர்: பக்கத்து வீட்டுக்காரர், சக ஊழியர், நண்பர். 1992-இல் கோப்புகளைத் திறந்து காட்டியபோது, அரசு எதிர்ப்பாளர் வேரா வோலன்பெர்கர் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் தன் கணவரே இருந்ததைக் கண்டார். முதல் அருங்காட்சியகத்தின் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இந்தச் செய்தி நெஞ்சில் தைக்கும்.

மூன்றாவது, ஸ்டாசியின் ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை. அன்றைய நகர வரைபடங்களில் அந்த இடமே கிடையாது. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று நடைபாதைகளில் சிவப்பு, பச்சை விளக்குகள். அங்கே அடைபட்டிருந்தவர்களே பலர் இன்று பார்வையாளர்களைக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள். எந்தப் புத்தகம் இதற்கு ஈடாகும்?

இத்தனையும் நமக்குப் பார்க்கக் கிடைப்பது ஜனங்கள் செய்த காரியத்தால். கோப்புகளை அழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் 1989 டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் நகரத்துப் பெண்கள் முன்னின்று ஸ்டாசி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள்; 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகமும் மக்கள் கைக்கு வந்தது. அப்படித் தப்பியவைதான் வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும் கோப்புகள். கிழித்துப்போட்ட தாள்கள் தனியே ஏறக்குறைய 16,000 மூட்டை.

பெர்லின் போனால் ஷாப்பிங்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிராபன்ட், அடுத்து மீல்கேயின் அறை, கடைசியில் சிறை. இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்!