லிட்டர் கணக்கில் கரையாத உப்பு

திருப்பூர்ச் சாய ஆலைகள் கழிவுநீர்ச் செலவைத் தமக்குள் பங்கிடும் முறையைப் பாராட்டுவது எளிது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் மேலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இன்னும் எளிது. எடைபோடுவதுதான் கடினம்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீருக்கு விதித்த அபராதம் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 8, 10 என ஏறியது. பலனில்லை. 2011 ஜனவரியில் ஆலைகளையே மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற விதியில் இன்றைய கறார் அதன் பிறகு வந்தது.

முறையின் வலு அதன் அமைப்பில் இருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையம் உறுப்பினர் ஆலைகளுக்கே சொந்தமான கம்பெனி. ஒவ்வோர் ஆலையும் அனுப்பிய நீரின் அளவை மீட்டர் சொல்கிறது; செலவுப் பங்கு பெரும்பாலும் அதன்படியே. மீட்ட நீர் ஆலைகளுக்கே திரும்புகிறது. அனுப்பியதைக் குறைத்துக் காட்டினால் வரும் நீரும் குறையும் என்பதால், கள்ளக்கணக்குக்கு உள்ளேயே ஒரு கடிவாளம் இருக்கிறது. சச்சரவு குறைந்த, சிக்கனமான ஏற்பாடு.

ஆனால் அளக்கப்படுவது நீர். செலவு வைப்பது உப்பு. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்குச் சாயக்குளியலில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போகும். வெளிர்நிறத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். உப்பு ஏற ஏற, சவ்வால் நீரை வடிக்கும் ஆர்.ஓ.வில் மீளும் நீர் சுருங்கி, எஞ்சியதை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும் பங்கு பெருகும். நீராவியும் மின்சாரமும் விழுங்கும் இடம் அதுதான். கட்டணம் பெரும்பாலும் லிட்டரையே பார்த்தால், கறுப்பு பனியனின் செலவில் ஒரு பகுதியை வெளிர்நிறக் குழந்தை உடை சுமக்கிறது. உப்பை ஆலைவாரியாக அளப்பது சாத்தியமில்லை என்ற வாதமும் நிற்காது. நீரின் மின்கடத்தலை வைத்து உப்பைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்றும் அரிய கருவியல்ல.

இன்னொரு குறை, முடிவில் தேங்கும் கலப்பு உப்பு. சில நிலையங்கள் உப்புநீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புவது உண்மையான சாதனை. மீளாத மிச்சமோ ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை அப்புறப்படுத்தும் செலவை இன்றைய பில் கேட்பதில்லை. நாளைய உறுப்பினர் தலையில் அது விழும்.

என் தீர்ப்பு: வசூல் முறையாக இது முதல் தரம், பங்கீட்டு முறையாகப் பாதிக் கிணறு. உப்புக்குத் தனிக் கட்டணமும் மிச்சத்துக்கு ஒதுக்கு நிதியும் சேர்ந்தால் உறுப்பினர்களுக்குள் நியாயம் பிறக்கும். வெளியே ஒரு பாக்கி இருக்கிறது. பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றும் ஜாப் ஒர்க் ஆலை கிலோ கணக்கில் பேசும் சாயக்கூலியில் சுத்திகரிப்புச் செலவு தனி இனமாகத் தெரியாதவரை, பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆடையை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள் இந்தக் கணக்கில் இன்னும் உறுப்பினராகவில்லை.