வயதின் மேல் போடும் பழி

பழைய மின் எஞ்சின்களைப் பயணி வண்டிகளிலிருந்து விலக்கும்போது மாலை போட்டு, படம் பிடித்து வழியனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூடவே ஒரு சமாதானமும் வருகிறது: வயதாகிவிட்டது, உழைத்தது போதும். டபிள்யூஏபி-4 ரக எஞ்சின்களைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட இல்லை.

விலக்குவது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அரக்கோணம், ஈரோடு ஷெட்டுகளிலிருந்து புறப்பட்டு இருபத்துநான்கு பெட்டிகளை இழுத்த உழைப்பாளி அது. ஆனால் டாப் சேஞ்சரும் கார்பன் பிரஷ் தேயும் டிசி மோட்டாரும் ஓயாமல் பராமரிப்பு கேட்பவை. பிரேக் பிடிக்கையில் மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பவும் அதனால் முடியாது. அதற்குப் பின் வந்த டபிள்யூஏபி-7 ரகம் இதைச் செய்கிறது. இழுவையிலும் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கூடுதல்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் பெட்டிகளில் இருக்கிறது. பழைய ஐசிஎஃப் பெட்டிகளில் சக்கர அச்சு ஓட்டும் ஆல்டர்னேட்டரே விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தந்தது. அவற்றின் இடத்துக்கு வந்த புதிய எல்ஹெச்பி பெட்டிகளுக்கு அதை எஞ்சின் தர வேண்டும், இல்லையென்றால் வண்டியின் இரு முனைகளிலும் ஜெனரேட்டர் பெட்டி வேண்டும். டபிள்யூஏபி-7 எஞ்சினால் தர முடியும். டபிள்யூஏபி-4 இழுத்தால், 25,000 வோல்ட் கம்பியின் கீழே ஓடும் வண்டியில் விசிறி சுற்றுவதற்கு டீசல் எரிக்க வேண்டும்! நடைமேடையில் அந்த ஜெனரேட்டர் பெட்டி அருகே நின்றவர்களுக்கு அதன் இரைச்சல் தெரியும்.

இந்தக் குறைகள் எதுவும் முதுமையால் வந்ததல்ல. கட்டி முடித்த நாளிலேயே இருந்தவை. என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான். டபிள்யூஏபி-7-க்கு அடிப்படையான மும்முனை மின் எஞ்சின் தொழில்நுட்பத்துக்கான ஒப்பந்தத்தை ரயில்வே ஏபிபி நிறுவனத்தோடு 1993-இல் செய்தது. 2000 வாக்கில் சித்தரஞ்சன் தொழிற்சாலையே டபிள்யூஏபி-7 கட்டத் தொடங்கிவிட்டது. எல்ஹெச்பி பெட்டிகள் வந்ததும் அதே காலத்தில்தான். அப்படியிருந்தும் சித்தரஞ்சன் டபிள்யூஏபி-4 கட்டுவதை 2010-களின் நடுப்பகுதி வரை நிறுத்தவில்லை. மொத்தம் எழுநூறுக்கும் மேல்.

புதிய எஞ்சினின் விலை அதிகம், மின்னணுப் பாகங்கள் வெளியிலிருந்து வர வேண்டும், ஷெட்டுகளுக்குப் பழகியது பழையதுதான் என்பார்கள். தொடக்க ஆண்டுகளுக்கு இந்தப் பதில் செல்லும். பத்தாண்டு கழித்தும் அதையே சொன்னால் ஏற்க முடியாது. பெட்டிகள் எந்தத் திசையில் போகின்றன என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். பழைய வடிவப் பெட்டி கட்டுவதைப் பெரம்பூர் ஐசிஎஃப் 2018 ஜனவரியில் அடியோடு நிறுத்தியது. பெட்டியைத் திட்டமிட்டவர்களும் எஞ்சினைத் திட்டமிட்டவர்களும் ஒரே ரயில்வே வாரியத்தின் கீழ்தான் இருந்தார்கள். நாளை ஓடப்போகும் பெட்டிக்கு ஒத்துவராத எஞ்சினை, தெரிந்தே, ஆண்டுக்கு ஆண்டு பொதுப்பணத்தில் கட்டியிருக்கிறார்கள்.

மின் எஞ்சின் முப்பது ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்பது ரயில்வேயின் சொந்தக் கணக்கு. அதில் பாதிகூட ஓடாத எஞ்சின்களும் விரைவு வண்டிகளில் இடமிழந்து நிற்கின்றன. இனி கழிக்கும் ஒவ்வொரு எஞ்சினுக்கும், அது கட்டப்பட்ட ஆண்டையும் அதன் மீதி ஆயுளின் மதிப்பையும் ரயில்வே சேர்த்தே வெளியிட வேண்டும்.