கோலும் குழுவும்: லயனல் ஹம்ப்ரனின் பெருங்குழு இசைத்தட்டுக்கள்

அடித்து வாசிக்கும் கருவியாளன் ஒருவன் ஒரு குழுவின் நாயகனாதல் யாழ்ப்பாணத்தவர்க்கு வியப்பளிக்கும் செய்தியன்று. மேளக் கச்சேரியிலே தலைமை நாதசுரத்துக்கே உரியதென்பது மரபு. ஆயினும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) தவிலைத் தோளிலே மாட்டி நின்ற காலத்தில், கோயில் வீதியில் விடியும்வரை அமர்ந்திருந்தோர் எக்கருவியின் பொருட்டுக் காத்திருந்தனர் என்பதைக் கொக்குவில், இணுவில் ஊரவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அடிப்பவன் தலைவனாகுமிடத்து ஏனைய கருவிகளின் நிலை யாது? அவை அவனுக்கு இடங்கொடுத்து ஒதுங்குமா, அன்றி அவனே அவற்றின் ஓசையில் அமிழ்ந்து போவானா? லயனல் ஹம்ப்ரன் என்னும் அமெரிக்க ஜாஸ் வித்துவானின் பெருங்குழு இசைத்தட்டுக்களைக் கேட்போர் உள்ளத்தில் இவ்வினா எழாதிராது.

அவர் கையாண்ட வைபிரபோன் 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே உருவானது. அலுமினியப் பட்டைகள் பியானோவின் கட்டைகள்போல் இருவரிசையாக அமைந்திருக்கும். பட்டை ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய். குழாயின் வாயிலே மின்விசையாற் சுழலும் சிறு தட்டு. அத்தட்டு வாயை மூடித் திறக்குந்தோறும் ஒலி அலைபோல் ஏறி இறங்கும். ஒலியை நீட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் பலகை ஒன்றுண்டு. நம்மவரின் ஜலதரங்கத்தை இதற்கு உறவெனலாம். பீங்கான் கிண்ணங்களில் நீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்த்து, மெல்லிய கோல்களால் அதனை வாசிப்பர். இரண்டுக்கும் பொதுவான குறையும் ஒன்றுண்டு. அடித்த சுரம் அடித்தபடியே நிற்குமன்றி, வீணையிற்போல் அதனை வளைத்துக் கமகம் காட்டல் அரிது. ஆகவே இத்தகைய கருவியிற் சிறக்க விரும்புவோன் லயத்தாலே சிறத்தல் வேண்டும். ஹம்ப்ரன் முதலிலே முரசு வாசித்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1908இல் லூயிவில் நகரிற் பிறந்த அவர், சிக்காகோவிலே பத்திரிகை விற்கும் சிறுவர்க்கென அமைந்த வாத்தியக் குழுவிற் பயின்றவர். 1930இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன் ஒலிப்பதிவு அறைக்குச் சென்றபோது அங்கே ஒரு வைபிரபோன் இருந்தது. ஆம்ஸ்ட்ரோங் ஏவ, அவர் அதனை வாசித்தார். ‘மெமரீஸ் ஒவ் யூ’ என்ற அத்தட்டு, ஜாஸ் இசையில் அக்கருவிக்கு வாயில் திறந்த பதிவுகளுள் ஒன்று. 1936இல் பெனி குட்மன் அவரைத் தம் நால்வர் குழுவிற் சேர்த்துக்கொண்டார். குட்மனும் ஜீன் குரூப்பாவும் வெள்ளையர். டெடி வில்சனும் ஹம்ப்ரனும் கறுப்பினத்தவர். இந்நால்வரும் ஒரே மேடையில் மக்கள்முன் அமர்ந்தமை அந்நாட்டில் அந்நாளிற் சிறு செயலன்று. வீதியிலே வித்துவானைத் தலைக்குமேற் தூக்கிப் போற்றிவிட்டு, வீட்டுத் திண்ணையிலே அவனுக்கு வேறு பாய் விரித்த வழக்கத்தை அறிந்தவர்க்கு அதன் பொருளை விரித்துரைத்தல் மிகை.

1937 முதல் 1941 வரை விக்டர் நிறுவனத்துக்காக அவர் சிறு குழுக்களைக் கூட்டிப் பதிந்த தட்டுக்களே அவர் பணியின் முடி என்பது திறனாய்வாளர் பலரின் கருத்து. 1939 செப்டெம்பர் 11ஆம் நாட் பதிவிலே கோல்மன் ஹோக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், பெனி காட்டர், சார்லி கிறிஸ்டியன், இளைஞரான டிஸி கிலெஸ்பி ஆகியோர் ஒருங்கே அமர்ந்திருந்தனர் எனின், அக்கருத்தை மறுத்தல் எளிதன்று. எனினும், அவை நண்பர் கூடிய சதசுகள். அங்கே கோலேந்தியவன் எவரோடும் போட்டியிட வேண்டியிருக்கவில்லை. உண்மையான சோதனை 1940இல் அவர் தமக்கெனப் பெருங்குழு அமைத்தபின்னரே தொடங்கிற்று.

அவருக்கு முன்னரே சைலபோன் வாசித்து ஒரு பெருங்குழுவை நடத்தியவர் ரெட் நோர்வோ. அது மரப்பட்டைகளைக் கொண்ட மெல்லொலிக் கருவி. ஆதலின் எடி சோட்டர் என்பவரைக் கொண்டு குழு முழுவதன் ஒலியையும் அதற்கேற்பத் தாழ்த்தினார் நோர்வோ. 1937இற் பதிந்த ‘றிமெம்பர்’ தட்டில் எக்காளங்களும் தணிந்தே பேசுகின்றன. ஹம்ப்ரன் நேர்மாறான வழி சென்றார். கருவிக்காகக் குழுவை அடக்காது, குழுவின் ஆரவாரத்துக்குத் தம்மையே ஒப்புக்கொடுத்தார்.

1942 மே 26இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிந்த ‘ஃபிளையிங் ஹோம்’ இதற்குச் சான்று. மூன்று நிமிடமளவே ஓடும் தட்டு. மெட்டை வைபிரபோன் மெல்லென அறிமுகஞ் செய்து ஒதுங்க, பத்தொன்பது வயதினரான இலினோய் ஜக்கே ரெனர் சக்ஸபோனுடன் எழுகிறார். மேனாட்டு நாடக இசைப்பாடல் ஒன்றின் சாயலோடு தொடங்கி, பின்னர் ஒரே சுரத்தை விடாது அடித்தடித்து நிறுத்துகிறார். அவ்விடத்திலே சக்ஸபோன் தவிலாகிவிடுகிறது! சுரத்தைப் பெருக்காது லயத்தைப் பெருக்கும் அவ்வுத்தி தலைவனின் கோலிலிருந்து சீடனின் மூச்சுக்குட் புகுந்தது எனின் பொருந்தும். பின்னர் எக்காளங்கள் அடுக்கடுக்காக ஏற, ஏர்னி றோயலின் உச்சத்தொனியோடு தட்டு முடிகிறது. அந்த ஏற்றத்தில் வைபிரபோன் எங்கே? ஏறத்தாழ இல்லை. தலைவன் கேட்கப்படாமலே தலைமை தாங்குகிறான்.

இத்தட்டுக்கு நேர்ந்த பின்விளைவு சிந்திக்கற்பாலது. ஜக்கே அன்று கற்பனையாக வாசித்ததையே மக்கள் எங்கும் கேட்டனர். அவர்க்குப் பின்வந்த ஆர்நெற் கொப் முதலானோரும் அதனைத் தழுவியே வாசிக்க வேண்டியதாயிற்று. மனோதர்மம் கிருதியாகிவிட்டது. கல்பனாசுரத்தை எழுதிவைத்துப் பாடினால் நம் சபையோர் நகைப்பர். அங்கோ எழுதப்படாததையும் எழுதியதுபோல் வாசிக்குமாறு சபையோரே கேட்டனர். இதனைக் குறையென ஒரேயடியாகத் தள்ளலாகாது. நல்ல சங்கதி ஒன்று பாடாந்தரமாவது நம்மிடத்தும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஓசை பெருகி, ‘ஹே! பா-பா-றீ-பொப்’ (1945) போன்றவற்றிலே கூச்சலே பாட்டாகியபோது, இழப்பு வெளிப்படையாயிற்று. இடையிலே 1942 ஆகஸ்டில் வித்துவான்களின் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்திவைத்தமையால், டெக்கா உடன்பட்ட 1943 செப்டெம்பர்வரை அக்குழு வளர்ந்த வகையைக் காட்டும் வணிகத் தட்டுக்கள் இல்லை. முரசின்மேல் ஏறிக் குதித்தும் வித்துவான்களைச் சபை நடுவே நடத்தியும் அவர் செய்த வேடிக்கைகளைத் தட்டுக் காட்டாது. ஓசையை மாத்திரமே காட்டும். இஃது அவர்க்கு நேர்ந்த அநீதியெனவுங் கூறலாம்.

ஆயின், அவர் அடங்கத் தெரியாதவரல்லர். 1947 நவம்பரிற் பதிந்த ‘மிட்நைற் சன்’, சொனி பேர்க்குடன் சேர்ந்து ஆக்கியது. மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாகப் படியிறங்குகிறது. வளைக்க முடியாத கருவிக்கு வளைவின் மயக்கத்தைத் தர இதனினும் நல்ல வழி இல்லை. கீழே குழு தணிந்து நிற்க, பட்டையின் நடுக்கம் தனியே மிதக்கிறது. நோர்வோ கண்ட மென்மையும் ஹம்ப்ரனின் வலிமையும் இத்தட்டிலே சந்திக்கின்றன. அவர் 2002வரை வாழ்ந்தும் இவ்வழியை மிகுதியும் தொடராமை வருந்தத்தக்கது.

அதனை வேறொரு வகையிலே தொடர்ந்தவர் ரெறி கிப்ஸ் என்னும் மற்றொரு வைபிரபோன் வித்துவான். 1959இலும் 1961இலும் ஹொலிவூட்டின் இரவு விடுதிகளிற் பதியப்பெற்ற அவரது பெருங்குழுத் தட்டுக்களுட் பல, 1986 முதலே வெளிவந்தன. குழு முழங்கும்போதும் அவர் கோலின் ஒலி மறையவில்லை. அதற்குக் காரணம் தேடுவோர், பின்னணியில் மெல் லூயிஸ் வாசிக்கும் முரசை முதலிற் கவனித்துக் கேட்டல் நன்று.