கிரகணமும் புண்ணியமும்

பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் பெண்ணிடம், "கிரகணத்தப்ப வெளிய வந்துட்டியாம்மா?" என்று நம் ஊர் கேட்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை பேருந்து நிறுத்தத்திலும், ஆவடி மின்சார ரயிலின் மகளிர் பெட்டியிலும், பூந்தமல்லிச் சந்தையிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். குரலில் பகை இல்லை, பரிவுகூட இருந்தது. ஆனால் தீர்ப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது: குழந்தையின் முகத்தில் தெரிவது தாய் செய்த தவறு.

கருவில் மேலுதடு 4 முதல் 7 வாரங்களுக்குள் ஒன்றுசேர்கிறது. அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள். கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு உறுதியாகத் தெரியாத காலம் அது. அங்கே சூரியனுக்கும் நிலவுக்கும் வேலையில்லை. இதைச் சொன்னால் பொறுமையாகக் கேட்பார்கள். பிறகு, "உங்க வீட்ல யாருக்காச்சும் இப்படி இருக்கா?" என்பார்கள். கிரகணம் போய் வம்சம் வரும். கூண்டில் நிற்பவள் மட்டும் மாறமாட்டாள்.

அந்தக் கூண்டிலிருந்து ஒரே சொல்லில் வெளியேற எனக்கு வழி உண்டு. என் மகளை நான் பெறவில்லை, தத்தெடுத்தேன். இதைச் சொன்ன உடனே, "புண்ணியவதிம்மா நீ" என்று குரல் குழையும். ஆனால் வழக்கு தள்ளுபடியாவதில்லை, இன்னொருத்தியின் பெயருக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவுதான். நான் முகம் அறியாத, என் மகளைப் பெற்ற பெண் இப்போது கூண்டில் ஏறுகிறாள். இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்கும் குழந்தை இரண்டு பாடங்களைப் படிக்கிறது: தன் முகம் ஒரு தண்டனை, தன்னை வளர்ப்பது ஒரு தர்ம காரியம். பெற்றவள்மீது பழி போடாமல் வளர்ப்பவளுக்குப் புகழ் சேர்க்க இந்தப் பேச்சுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு பழையது. வகுப்பில் நான் நடத்தும் இரண்டு புறநானூற்றுப் பாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பார்வையின்மை, கூன், குள்ளம், பேச்சின்மை, செவிகேளாமை என எட்டு வகைப் பிறப்புகளைப் பயனற்றவை என்று சோழன் நலங்கிள்ளிக்கு அடுக்கிச் சொல்கிறார். 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் தாய், மகன் போரில் புறங்காட்டியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்கிறாள். முன்னது உடலைப் பயனால் அளக்கிறது. பின்னது பிள்ளையின் செயலைத் தாயின் உடலில் பற்று வைக்கிறது. கிரகணக் கேள்வி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது.

பால் கொடுத்தவளே தாய் என்ற கணக்கு எங்கள் வீட்டில் முதல் நாளே செல்லுபடியாகவில்லை. அண்ணம் பிளந்த குழந்தையால் பெரும்பாலும் முலையை உறிஞ்ச முடியாது. பெற்றவளானாலும் வளர்ப்பவளானாலும், குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ கரண்டியாலோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புகட்ட வேண்டும். பாலாடை என்ற நம் சொல் ஆங்கில மருத்துவக் கட்டுரைகளுக்குள் அப்படியே போயிருக்கிறது. நம் தாய்மைக் கதைகளுக்குள் அது வரவில்லை.

தத்தெடுப்பை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்களில் முக்கியமானது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). ஈழ அகதிப் பெண் பெற்றுவிட்டுச் சென்ற குழந்தையை வளர்க்க எழுத்தாளன் திருச்செல்வன் விரும்புகிறான். மணமாகாதவனுக்குத் தரமாட்டார்கள் என்பதால் இந்திராவை மணக்கிறான். முடிவு அவனுடையது, அன்றாட வளர்ப்பு அவளுடையது. 'இந்திரா' என்ற பெயரில் எழுதுபவனும் அவனே. அன்றைய சட்டமும் அப்படித்தான் இருந்தது: 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில், கணவனோடு வாழும் பெண் பொதுவாகச் சம்மதம் தரலாம், தத்தெடுக்க முடியாது. 2010இல்தான் அது திருத்தப்பட்டது. தலைப்பிலுள்ள முத்தம் கடைசியில் வளர்த்தவளைச் சேர்கிறது என்பதால் எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

ஆனால் அமுதாவுக்கு ஒன்பதாம் பிறந்தநாள் வரை உண்மை மறைக்கப்படுகிறது. அவள் முகம் யாரையும் கேள்வி கேட்க வைக்கவில்லை என்பதால்தான் அது முடிகிறது. உதட்டில் தழும்புள்ள ஓர் அமுதாவுக்கு அந்த 9 ஆண்டுகள் கிடைத்திருக்காது. அப்பா எப்போது சொல்வது என்பது படத்தின் கேள்வி. தெரு கேட்கும்போதெல்லாம் அவள் கதையை எடுத்துக் கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை என்பது எங்கள் கேள்வி.

மேகன் மைலன் இயக்கிய 'ஸ்மைல் பிங்கி' 2009இல் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. மிர்சாப்பூர் மாவட்டச் சிறுமி பிங்கிக்கு வாரணாசியில் இலவச அறுவை சிகிச்சை நடக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும் என்று பலருக்குத் தெரியவைத்த படம். அந்தப் பயன் சிறிதல்ல. எனினும் துயரம், சிகிச்சை, சிரிப்பு என்ற வரிசை, கதை அங்கே முடிந்தது என்று நம்பவைக்கிறது. வளர்ப்பவளுக்கு அங்கேதான் தொடக்கம். சில மாதங்களில் உதடு, ஒன்று ஒன்றரை வயதில் அண்ணம், 8, 10 வயதில் ஈறெலும்பு, பிறகு பல் வரிசை. இடையில் ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. வல்லின எழுத்துக்கு வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் சரியாக மூடாவிட்டால் காற்று மூக்கு வழியே போய், வல்லினம் மெல்லினமாகும். 'பாட்டி' 'மாண்ணி' ஆவாள். தொல்காப்பியத்தின் பிறப்பியலை நான் முனைவர் பட்டத்துக்காகப் படித்ததைவிட, கண்ணாடி முன் மகளோடு 'ப, ப' என்று உட்கார்ந்திருந்த மாலைகளில்தான் நன்றாகப் படித்தேன். அந்த மாலைகளில் புண்ணியம் ஒன்றும் இல்லை. அலுப்பு இருந்தது, சண்டை இருந்தது, சிரிப்பும் இருந்தது.

அதனால் தெருவில் யார் கேட்டாலும் 'தத்து' என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. "இப்படித்தான் பொறந்தா, யார் தப்பும் இல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்மேல் பழி விழுந்தால் விழட்டும். அதை மறுக்கும்போது, தனக்காக இங்கே பேச முடியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே மறுக்கிறேன். நம் பெண்ணிய விமர்சனம் தாய்மையின் புனிதத்தைப் பலமுறை உடைத்திருக்கிறது. வளர்ப்புத் தாயின் புனிதத்தை மட்டும் நல்லெண்ணம் என்று விட்டுவைத்திருக்கிறது. அதையும் உடைக்க வேண்டும். உடைத்தால்தான் பெற்றவளுக்குப் பழி நீங்கும், பிள்ளைக்கு நன்றிக்கடன் நீங்கும்.

இந்தக் கட்டுரையை என் மகள் படித்துவிட்டாள். பெயரும் வயதும் வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். 'மாண்ணி' மட்டும் இருக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான்.