யாரிடமிருந்து திருடினார்கள்?

கோர் விடாலின் ‘1876’ நாவலைச் சமீபத்தில் மறுபடி வாசித்தேன். முதல் வாசிப்பில் மயக்கிய அதே சாமர்த்தியம் இம்முறை உறுத்தியது.

கதைசொல்லி ஸ்கைலர் வயதான பத்திரிகையாளர். பல வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு மகளோடு நியூயார்க் திரும்புகிறார். கையில் காசில்லை. ஜனநாயகக் கட்சியின் டில்டன் அமெரிக்க அதிபரானால் பாரிஸில் தூதர் பதவி கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். டில்டன் மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் முன்னிலை பெறுகிறார். ஆனால் மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகளில் 184தான், தேவை 185. தகராறில் கிடந்தவை 20. அதைத் தீர்க்க அமைத்த பதினைந்து பேர் ஆணையம் எட்டுக்கு ஏழு என்று பிரிந்து, இருபதையும் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கே கொடுத்துவிட்டது.

இதை ஒரு பெரிய திருட்டாகச் சொல்கிறார் விடால். விருந்து மேசை வம்பு, பேரம், லஞ்சம் எல்லாவற்றையும் அவரைப்போல எழுத ஆள் கிடையாது. சரி, திருட்டுக் கொடுத்தது யார்? நாவல் டில்டனைக் கைகாட்டுகிறது. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. தென்மாநிலங்களில் கருப்பின மக்களை அடித்து மிரட்டித்தான் ஜனநாயகக் கட்சி வாக்கு சேர்த்தது. தென் கரோலினாவின் ஹாம்பர்கில் அந்த ஜூலையில் கொலையே நடந்தது. டில்டனின் முன்னிலைக்குள் போட விடாத வாக்குகளும் ஒளிந்திருக்கின்றன.

ஸ்கைலர் பார்த்ததைத்தானே அவர் எழுத முடியும் என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கைலரின் பதவி ஆசையை அவருக்கே தெரியாமல் நமக்குக் காட்டிக்கொடுக்கிற விடால், இந்தக் குருட்டுத்தனத்தை அந்த அழுத்தத்தோடு காட்டவில்லை. வரவேற்பறையின் கதவைத் திறக்காமலே நாவல் முடிகிறது.

கதவுக்கு வெளியே நாட்டின் அமைப்பே மாறியது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்து நின்ற கூட்டாட்சிப் படைகளை ஹேய்ஸ் விலக்கினார். அங்கிருந்த குடியரசுக் கட்சி ஆட்சிகள் சரிந்தன. தெற்கு ஒரே கட்சியின் கோட்டையானது. கருப்பின மக்களின் வாக்குரிமை ஏட்டுச் சுரைக்காய் ஆயிற்று.

தேர்வாளர் வாக்கை எண்ணும் குழப்பம் திரும்ப வரக்கூடாதென்று 1887இல் சட்டம் போட்டார்கள். 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு, அடுத்த வருடமே அதைத் திருத்தியும் விட்டார்கள். எண்ணுவதில் சண்டை என்றால் பத்து வருடத்தில் சட்டம் வந்துவிடுகிறது. வாக்குச்சாவடிக்கே போக முடியாதவர்கள் தங்களைக் காக்கும் சட்டத்துக்கு 1965 வரை காத்துக் கிடந்தார்கள். ‘1876’இல் நான் தேடியது அவர்களில் ஒருவருடைய குரலை.