அடுப்பங்கரையில் தேறாத அடுப்புகள்

ஒரு பொருளைச் செய்பவரும் அதனை நாள்தோறும் கையாள்பவரும் வெவ்வேறு உலகினராய் இருக்கும்பொழுது அப்பொருள் என்னவாகின்றது என்பதை அறிய, மடுல்சீமை மலைகளிலுள்ள பழைய லயம் ஒன்றனுள் நுழைந்து பார்த்தல் போதும். இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாக இனங்காணப்பட்டது இம்மடுல்சீமைப் பகுதியிலேதான். கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. ஆயின் கோப்பிக்காலத்து லயத்தின் அமைப்பு மட்டும் போகவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்புறத்தில் ஒரு சன்னலுக்குந்தானும் வழியில்லை. இதனை வரைந்தவர் ஆட்களைப் படுக்க வைக்கும் இடமாக இதனைக் கருதினாரேயன்றிச் சமைக்கும் இடமாகக் கருதினாரல்லர். அடுப்பு தானாகவே ஒரு மூலையிற் குடியேறியது. புகையும் உடன் குடியேறியது.

இப்புகை சிறு தொல்லையன்று. வீட்டினுள் எரியும் விறகு முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆகவே புகையைக் குறைக்கும் அடுப்பொன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லெண்ணமே. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அடுப்புகள் பல ஏன் தோற்றன என்பதே இங்கு ஆராயற்பாலது.

இந்தியாவில் 1983இல் தொடங்கப்பட்ட மேம்பட்ட அடுப்புத் தேசியத் திட்டம் 2002 வரை நடைபெற்றது. சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு உண்டு. ஆனால் அக்கணக்கு பொருத்தப்பட்ட அடுப்புகளின் கணக்கு. மூட்டப்பட்ட அடுப்புகளின் கணக்கன்று. குடும்பத்துப் பானை அடுப்பின் வாயிற் சரியாக உட்காரவில்லை. விறகை முன்னிலும் சிறிதாகப் பிளக்க வேண்டியிருந்தது. புகைபோக்கியிற் கரி அடைத்தபோது அதனைச் சுத்தஞ் செய்வார் இல்லை. அடுப்புகள் பல சில ஆண்டுகளுள் உடைந்தன, அல்லது கைவிடப்பட்டன. இவற்றைக் கண்ட அதிகாரிகள் சிலர் மக்களின் அறியாமையையும் பழைமைப் பற்றையும் நொந்துகொண்டனர். நாற்காலி ஆடினால் உட்கார்ந்தவனை ஏசுவது போன்றது இது.

ஒரிசாவில் ஹன்னா, டுஃப்லோ, கிறீன்ஸ்ரோன் ஆகிய மூவரும் நடத்தி 2012இல் முதலில் வெளியிட்ட ஆய்வு இதனை இன்னும் தெளிவாக்கிற்று. ஆய்வுகூடத்திலே புகையைக் குறைத்துக் காட்டிய அடுப்பு கிராமத்து வீடுகளிற் பொருத்தப்பட்டு, நான்காண்டுகள் வரை கவனிக்கப்பட்டது. முதலாண்டிற் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பேணுவதும் குறைந்துபோயின. விறகுச் செலவு குறையவுமில்லை. ஆய்வுகூடம் அடுப்பைச் சோதித்தது. அடுப்பங்கரையோ அடுப்பைச் சோதித்தவரையே சோதித்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நோர்மன் 1988இல் வெளியிட்ட நூலில் அன்றாடப் பொருட்களின் உளவியலை ஆராய்ந்தார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிவிட்டு மனிதர் தம்மையே மடையர் என்று நொந்துகொள்கின்றனர். பிழையோ கதவைச் செய்தவரிடம் உள்ளது என்பது அவர் வாதம். வாதம் செம்மையானதே. எனினும் அவருடைய கதவுகள் பெரும்பாலும் வசதி படைத்தோரின் கதவுகள். விலை கொடுத்து வாங்குபவர் பிடிக்காத பொருளைக் கடையிலேயே விட்டுச் செல்லலாம். தோட்டத் தொழிலாளிக்கு லயமும் அடுப்பும் பெரும்பாலும் பிறர் தீர்மானித்துத் தந்தவை. அங்கே பொருளின் குறைபாடு அறிவுப் பிரச்சினை மட்டுமன்று, அதிகாரப் பிரச்சினையுமாகும். நோர்மன் இப்பக்கத்தைப் போதிய அளவு தொடவில்லை என்றே கூறவேண்டும்.

இலங்கையிலேயே மாற்று உதாரணம் ஒன்றுண்டு. 1980களில் உருவாகிய 'அனகி' அடுப்பு களிமண்ணால் ஒரே துண்டாகச் சுட்டெடுக்கப்படுவது. ஒரு தீயில் இரண்டு பானை ஏறும். முன்வாயிற் சோறு, பின்வாயிற் கறி. அதற்கு முன்னோடியான சர்வோதய அடுப்பு இரு துண்டாக இருந்தமையால் அதனைப் பொருத்துதல் எளிதாயிருக்கவில்லை. அந்த அனுபவமே ஒரே துண்டு வடிவத்துக்கு இட்டுச்சென்றது. ஊர்க்குயவரே அதனை வனைந்தனர், சந்தையில் விற்றனர். விரும்பாதவர் வாங்காமல் விடலாம் என்ற நிலையே அதற்கு வாய்த்த மிகச் சிறந்த சோதனை எனலாம். குறை இல்லாமலில்லை: புகைபோக்கி இன்மையால் புகை முற்றாக நீங்குவதில்லை, விறகு மிச்சமாகின்றது, மூச்சு முழுமையாக மிச்சமாவதில்லை.

மடுல்சீமைக்கு ஏற்ற சோதனை எவ்வாறு அமையவேண்டும்? பெண்களைக் கூட்டி, துரையும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்க, "அடுப்பு எப்படி?" என்று கேட்டால், "நல்லாத்தாங்க இருக்கு" என்ற விடையே வரும். அவ்விடை மரியாதைக்குரியது, அடுப்புக்குரியதன்று. ஆகவே வாயைக் கேளாமல் சாம்பலைப் பார்த்தல் வேண்டும். மூன்று மாதங் கழித்துச் சொல்லாமற் சென்றால் அடுப்பின் மேல் ரொட்டிச் சட்டி இருக்கின்றதா, அல்லது விறகு அடுக்கியிருக்கின்றதா என்பது தெரிந்துவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு, கோணலும் முடிச்சுமாய், அதன் வாயில் நுழைகின்றதா? ரொட்டி தட்டும் தட்டையான சட்டி ஆடாமல் நிற்கின்றதா? பெரட்டுக்குப் போகுமுன் காலைத் தேநீரும் பகலுணவும் ஒருங்கே ஆகிவிடுகின்றனவா?

சோதனைக்குரிய காலமுங்கூடக் கருதத்தக்கது. ஊவாவின் வரண்ட பருவம் ஆடி, ஆவணி மாதங்களில் வரும். ஊவாத் தேயிலையின் மணத்துக்குப் பெயர்போன பருவமும் அதுவே. செய்து காட்டுவோர் அப்பருவத்தில் வந்தால் எந்த அடுப்பும் அழகாகவே எரியும். மார்கழியில், வடகீழ்ப் பருவமழை நாட்கணக்கிற் பெய்து மிலாறெல்லாம் நனைந்து கிடக்கையில், காலை நான்கரை மணிக்கு, கதவை மூடிய காம்பராவினுள் ஒருத்தி அதனை மூட்டிப் பார்க்கவேண்டும்.