தகாலோக் மொழியின் பரவலும் ஒரு நாவலின் தனிமையும்

தகாலோக் மொழி உலகளாவிவிட்டது என்று பெருமை பேசுவார் பலர். அவர் காட்டும் சான்று தலைக்கணக்கு. 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்க ஐக்கிய நாட்டில் இம்மொழியை வீட்டில் பேசுவோர் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர். ஆங்கிலம் நீங்கலாக, ஸ்பானியத்துக்கும் சீனத்துக்கும் அடுத்த இடம் இதற்கே. கப்பல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும், ஹாங்காங், சிங்கப்பூர், அரபு நாட்டு வீடுகளின் சமையற்கட்டுகளிலும் இம்மொழி ஒலிக்கின்றது. இவையெல்லாம் மெய்யே. ஆனால் பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் செக்றோலில் எழுதிப் பழகிய நமக்கு, தலைக்கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது ஓரளவு தெரியும். ஒரு மொழி பரவிற்று எனின், அம்மொழியில் எழுந்த நூலும் பரவிற்றா என்று கேட்பதன்றோ இலக்கியப் பக்கத்துக்கு உரிய கேள்வி?

பரவிய வகையை முதலிற் பார்ப்போம். 1906 டிசம்பரில் ‘டோரிக்’ என்னும் கப்பலிலிருந்து 15 பிலிப்பைன் தொழிலாளர் ஹவாய்த் தீவில் இறங்கினர். கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தத்திற் பிடித்த முதற் கூட்டம் அது. பின்னர்ப் பல்லாயிரவர் சென்றனர். ஆளனுப்பி ஊர் ஊராய்க் கூலி சேர்த்த அக்கதை நம்மவர்க்குப் புதிதன்று. 1924-இல் கவாய்த் தீவின் ஹனபேபேயில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் 16 பேர் பொலீசாருடன் நேர்ந்த மோதலில் மாண்டனர். பொலீசாரில் நால்வர் மடிந்தனர். இத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் தாய்மொழி தகாலோக் அன்று, இலோக்கானோவும் விசாயாவுமே. 1937-இல் தலைவர் கேசோன் தகாலோக்கைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக்கினார். இலோக்கானோவுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1974-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்துக்குப் பின் வெளிநாட்டுக்கு ஆளனுப்புவதை அரசே நடத்தலாயிற்று. 2023-இல் மட்டும் அவ்வாறு சென்றோர் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஏறக்குறைய 3,350 கோடி டாலர்!

சொற்கள் எளிதிற் பயணம் செய்கின்றன. நம் மாங்காய் மலாய் வழியே சென்று அங்கே ‘மங்கா’ ஆயிற்று. மலையைக் குறிக்கும் ‘புந்தோக்’ என்னும் தகாலோக் சொல்லை அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், ‘பூண்டாக்ஸ்’ எனத் திரித்து, பட்டிக்காட்டுக்குப் பெயராக்கினர். நாவலுக்கு இப்படி வணிகனும் சிப்பாயும் வாய்ப்பதில்லை.

மேற்சொன்ன 15 பேர் கப்பலேறிய அதே 1906-இல் மணிலாவில் ‘பனாஅக் அட் சிக்காட்’ நூலுருவில் வெளிவந்தது. விடியற்கீற்றும் உதயமும் என்று பெயரைப் பொருள்படுத்தலாம். ஆசிரியர் லோப்பே கே. சாந்தோஸ் தொழிற்சங்கத் தலைவர், பத்திரிகாசிரியர். பிற்காலத்தில் தேசிய மொழிக்கு இலக்கணம் வகுத்தவர். கதையில் இரு நண்பர். டெல்பின் ஏழை, பத்திரிகையில் எழுதுபவன், சமதர்மவாதி. பெலிப்பே நிலச்சுவான்தாரின் மகன். செல்வத்தை உதறிக் கூலிவேலைக்கு வந்த அராஜகவாதி. டெல்பின் காதலிப்பது, சுருட்டுத் தொழிற்சாலை முதலாளி டொன் ராமோனின் மகள் மேனியை. பெலிப்பே காதலிப்பது ஏழைப் பெண் தெந்தாயை. டொன் ராமோன் நியூயார்க்கில் கொலையுண்கிறார். வேலையாட்களை வதைத்ததன் பலன் அது என்று பின்னர்த் தெரிகிறது. அவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருபவன் யார்? நெடுங்காலமாய்க் காணாமற்போயிருந்த தெந்தாயின் உடன்பிறந்தான் ருப்பெர்த்தோ. கடல்கடந்து அலைந்த தொழிலாளி ஒருவன் அன்றே இக்கதையில் இருக்கிறான்!

குறையும் உண்டு, மறைப்பானேன்? பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. காதலர் சந்திப்பிலும் சொத்துரிமை விவாதம் நுழைகிறது. கதைச்சுவை நாடுவோர் இதைத் துண்டுப்பிரசுரம் என்று ஒதுக்குவர். நாம் அங்ஙனம் ஒதுக்கோம். ‘முலிங் பக்சிலாங்’ என்னும் பத்திரிகையில் தொடராய் வந்த கதை இது. வேலை முடிந்து வந்த தொழிலாளிக்கு வேறு பள்ளிக்கூடம் ஏது? நம்மைக் கவர்ந்தது வேறொன்று: இரு நண்பரும் ஒத்துப்போவதில்லை. மக்களைப் படிப்படியாய்த் திரட்டவேண்டும் என்பவன் ஒருவன். இன்றே உடைத்தெறி என்பவன் மற்றவன். ஆசிரியர் ஒருவனை மூடனாக்கி மற்றவனுக்கு மாலை சூட்டவில்லை. பிரசாரகர் பலருக்கு இந்நேர்மை இராது.

இத்தகைய நூல் ஆங்கிலத்தில் தாண்டன் ரெமோத்தோவின் மொழிபெயர்ப்பாக 2021-இல் வந்தது. 115 ஆண்டுகள்! ரிசாலின் ‘நோலி மே தாங்கெரே’ 1887-இல் பெர்லினில் ஸ்பானியத்தில் அச்சாகி, விரைவிலேயே உலகை எட்டிற்று. வயற்கூலிகளின் துயரை எழுதிய கார்லோஸ் புலோசான் 1946-இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலமே. எசமானர் மொழியில் எழுதிய பிலிப்பைன் நூல்கள் கடல் கடந்தன. வேலையாட்களின் மொழியில் எழுதியது கரையில் நின்றது. வேலையாளின் கையைக் கூலிக்கு எடுத்த வீடுகள், அவன் மொழியில் எழுதிய புத்தகத்தைக் கேட்கவில்லை. தகாலோக் உலகமொழி என்போர் இதற்கு விடை கூறட்டும்.

தோட்டத்துப் படிப்பகங்களில் இந்நூலை எடுப்போர், ஆங்கிலம் அறிந்த ஒருவரை வைத்து வாய்மொழியாய்த் தமிழாக்கிப் படிக்கலாம். நீண்ட வாதங்களைத் தாண்டிவிட வேண்டா. இருவராய்ப் பிரிந்து, ஒருவர் டெல்பினாகவும் மற்றவர் பெலிப்பேயாகவும் உரக்க வாசித்தால், புத்தகத்திற் சலிப்பூட்டிய பக்கங்கள் சபையிற் சூடுபிடிக்கும்.